செங்கல் நிறமும் வீட்டுச் சுவரும்

வீட்டுப் புறச்சுவருக்குப் பழுப்பு வண்ணம் கேட்போர் பலர், பூசியபின் ‘இஃது அன்று’ என வருந்துவது ஏன்? பழுப்பு என்பது பழுத்த இலையின் நிறம்; அதில் மஞ்சள் மிகுதி. அவர் எண்ணியதோ செம்மை கலந்த நிறம். அதற்குக் காவி, செங்கல் நிறம் என்னும் சொற்களே பொருந்தும். மலாய்மொழியின் ‘சொக்லாட்’ இவ்வேறுபாட்டைக் காட்டாது.

சான்று அருகிலேயே உண்டு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. பின்னர் நகரைச் செங்கல்லால் கட்டுமாறு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கெனச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ்.

செங்கல்லுக்கும் காவிக்கல்லுக்கும் செம்மை தருவது இரும்பு ஆக்சைடு. அது வெயிலில் எளிதில் வெளுக்காது. சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றின் காரத்தையும் தாங்கும். ஆகவே, வாங்குமுன் வண்ணத்தில் சேர்ந்த நிறமி யாதென வினவுக. கரும்பழுப்பு வெப்பத்தை மிகுதியாக ஈர்க்குமாதலின், கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளின் மேற்சுவருக்கு இளங்காவியே நன்று. மழையில் செம்மண் தெறிக்கும் அடிச்சுவருக்கு அடர்ந்த செங்கல் நிறம் ஏற்றது, கறை தோன்றாது.

முதலில் சுவரில் ஒரு முழ அளவு பூசி, காலையிலும் மாலையிலும் மழைக்குப் பின்னும் நோக்குக. ஆசிரியர்களும் வகுப்பில் இலையையும் செங்கல்லையும் அருகருகே வைத்து இச்சொற்களை விளக்கலாம்.