நாளுக்கு 80 பேர் மட்டும்

கொரியா என்றதும் சியோல், ஜேஜு தீவு, தொடர் நாடகங்கள் எல்லாம் நினைவுக்கு வரும். சுற்றுலா நிர்வாகம் படிக்கும் எனக்கும் அப்படித்தான். கடந்த தவணையில் பழைய வணிகப் பாதை ஒன்றைச் சுற்றுலாத்தலமாக மேம்படுத்துவது குறித்து இடுபணி செய்யச் சொன்னார்கள். தேடியபோது கிடைத்தது உல்ஜின்.

உல்ஜின், தென்கொரியாவின் கிழக்குக் கடற்கரை வட்டாரம். அங்கிருந்து உப்பு, கருவாடு, கடற்பாசி ஆகியவற்றை முதுகில் சுமந்துகொண்டு, மலைகளைக் கடந்து போங்ஹ்வா சந்தைக்குச் சென்றார்கள் 'போபுசாங்' எனப்படும் நாடோடி வணிகர்கள். வழியில் 12 கணவாய்கள். திரும்பும்போது தானியமும் துணியும் முதுகில் ஏறும். பிற்காலத்தில் இவ்வழி சென்ற சுமைகாரர்களின் மரச்சட்டத்துக்கு நீண்ட கால்கள் கிடையாது. குறுகிய பாதையில் அவை இடிக்கும் என்பதால் குட்டையாக வைத்தார்கள். அதனால் அவர்கள் உட்காராமல், நின்றபடியே இளைப்பாறினார்களாம். ஒரு கணவாயில் அவர்கள் வேண்டிக்கொண்ட சிறிய கோயில் இன்றும் இருக்கிறது.

வழிநெடுக வளர்ந்திருப்பவை கும்காங் பைன் மரங்கள். அரண்மனை கட்டவும் அரச குடும்பத்தின் சவப்பெட்டிகள் செய்யவும் தேவைப்பட்டதால், ஜோசோன் மன்னர்கள் பாறையில் ஆணை பொறித்து, மற்றவர்கள் வெட்டக்கூடாது எனத் தடுத்தனர். கோரல் என்ற அரிய மலையாட்டினமும் இங்கே வாழ்கிறது.

கொரிய வனத்துறை இந்தப் பாதையை நடைப்பயணிகளுக்குத் திறந்தபோது வைத்த நிபந்தனைதான் என்னைக் குழப்பியது. முன்பதிவு கட்டாயம். வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். ஒரு பிரிவில் நாளுக்கு 80 பேருக்குத்தான் அனுமதி. மதிய உணவைக் கிராமத்தினரே சமைத்துத் தருகிறார்கள்.

என் இடுபணியில் இதைப் 'பலவீனங்கள்' பகுதியில் எழுதினேன். 300 பேராக உயர்த்தலாம், உணவகம் கட்டலாம் என்று பரிந்துரையும் கொடுத்தேன். விரிவுரையாளர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "யாருக்குப் பலவீனம்?" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கூட்டம் வராத தலத்தை யார் மேம்படுத்துவார்கள்?

மீண்டும் படித்தேன். உணவகம் வந்தால் கிராமத்துச் சமையலுக்கு வேலையில்லை. 300 பேர் நடந்தால் ஒதுங்கி வாழும் கோரல் அந்தப் பக்கமே வராது. பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பது?

2022 மார்ச் 4ஆம் தேதி, இந்தப் பாதை தொடங்கும் துச்சோன்-ரி கிராமத்தில், சாலையோரத்தில்தான் அந்தப் பெரிய காட்டுத்தீ பற்றியது. பக்கத்து சம்சோக் வரை பரவி ஒன்பது நாள் எரிந்தது. 16,000 ஹெக்டருக்கும் அதிகமான, அதாவது சிங்கப்பூரின் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான பரப்பு கருகியது. சோக்வாங்-ரியில் உள்ள பழைய பைன் காட்டைக் காப்பாற்றத் தீயணைப்பாளர்கள் இரவு பகலாகப் போராடினர். அதன் பெரும்பகுதி தப்பியது.

80 பேர் என்ற வரம்பை இப்போது 'வலிமை' பகுதிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது. தீயாலோ பனியாலோ பாதை மூடப்படும் மாதங்களில், சமைக்கும் கிராமத்தினருக்கும் வழிகாட்டிகளுக்கும் வருமானம் எங்கிருந்து வரும்? திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது.