தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது?

கொடியேற்றம், நவநாள், தேர்பவனி. முத்தியால்பேட்டையானாலும் காரைக்காலானாலும் கத்தோலிக்கப் பங்குத் திருவிழா இந்த வரிசையில்தான் நடக்கும். இடையில் இளைஞர் நாடகம், பிள்ளைகளின் நடனம், விளையாட்டுப் போட்டி, அன்பியங்களின் பொது விருந்து. இவற்றை வெறும் பக்தி என்று நாம் பார்ப்பதில்லை. வரி யாரிடம் வாங்குகிறார்கள், கொடியை யார் தூக்குகிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று விசாரித்தால் போதும், ஊரின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும். வரி கட்டமாட்டோம் என்று போராடிய நாடு இது. எங்களிடமும் திருவிழா வரி வாங்குங்கள் என்று தலித் கிறித்தவர்கள் போராட வேண்டியிருப்பதும் இதே நாட்டில்தான்.

இந்தப் போராட்டம் நேற்றுத் தொடங்கியதல்ல. முத்தியால்பேட்டையிலிருந்து தெற்கே போனால் மிஷன் வீதியில் சம்பா கோவில். இப்போதுள்ள கட்டடத்துக்கு முன் அங்கிருந்த பழைய கோவிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறைச்சேரி மக்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியர்களும். 1745 அக்டோபரில் சேரி மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், எல்லாரும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று நியாயம் கேட்டார்கள். சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் விழுந்ததும் சாதிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். இதை எழுதி வைத்தவர் சேரியைச் சேர்ந்தவரல்ல, கிறித்தவரும் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் நாட்குறிப்பைப் பாடமாகப் படிக்கும் தமிழ் மாணவர்கள் கப்பல், கவர்னர், வணிகத்தோடு நின்றுவிடாமல் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். அம்பேத்கர் பிறப்பதற்கு 146 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிச் சேரி மக்கள் நடத்திய சமத்துவப் போராட்டம் அதில் இருக்கிறது.

சுவர் போனது. சாதி போகவில்லை. இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது உளுந்தூர்பேட்டை அருகிலுள்ள எறையூர். அங்கே தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே கோவிலில் சமமாக நிற்க முடியாதபோதுதான் தனிக் கோவில் என்ற கோரிக்கையே பிறக்கிறது. 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவர், தாக்கப்பட்டவர் இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

திருச்சபைக்கு இது தெரியாததல்ல. 2003 நவம்பரில் புதுவை உள்ளிட்ட தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு கிறித்தவத்துக்கே எதிரானது என்று நேருக்கு நேர் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல காகிதங்கள்தான். திருவிழாக் கமிட்டி கூடும்போது அவை மேசைக்கு வருகின்றனவா என்பதே நம் கேள்வி.

மாறியதும் உண்டு. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறை இன்று பல ஆலயங்களில் பூசைப் பவனிக்கு முன் முழங்குகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அப்பாவு சீர்திருத்த சபைக்காரர். அவர் திறந்த வழி கத்தோலிக்கர்க்கும் உதவியது. ஆனால் பறையை உள்ளே அழைத்துவிட்டு, அடிக்கிறவரைக் கமிட்டிக்கு வெளியே நிறுத்தினால் அது மரியாதை ஆகாது. வாத்தியத்துக்குக் கிடைத்த நாற்காலி வாசிப்பவருக்கும் வேண்டும்.

கோவிலுக்குள் இப்படி என்றால் அரசு அலுவலகத்தில் வேறு கதை. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவரானவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்கென 1964இல் வந்த தனி ஆணையிலும் கிறித்தவருக்கு இடமில்லை. சேரியில் குடியிருக்கும் பிள்ளைக்குச் சாதி இழிவு உண்டு, சாதிச் சான்றிதழ் இல்லை.

அந்த ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாகக் கடைப்பிடிக்கத் திருச்சபையே ஆண்டுதோறும் அழைக்கிறது. ஆகஸ்ட் 15 விண்ணேற்பு அன்னை விழாவுக்கு நவநாள் நடக்கும் ஆலயங்களில் அது சரியாக நடுவில் வரும். அன்று மாலை தலித் குடும்பங்கள் மட்டும் கறுப்புப் பட்டை அணிகின்றனவா, முன்வரிசைக்காரர்களும் அணிகிறார்களா என்று பாருங்கள். ஐந்து நாள் கழித்துத் தேர் எந்தத் தெருவோடு திரும்பும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.