ஒரு மீன்தானே?

கடலில் மூழ்கி, ஈட்டியால் மீன் குத்துவது பழைய தொழில். இன்று இதை விளையாட்டாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகள் இந்த விளையாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. ஏன்?

வலையில் நூறு மீன் விழும். ஈட்டியில் ஒரு மீன்தான். இதனால் என்ன கெடுதல் என்று நமக்குத் தோன்றும்.

ஈட்டி பிடித்தவர் பார்த்துக் குறி வைக்கிறார். எதற்குக் குறி வைப்பார்? இருப்பதில் பெரிய மீனுக்குத்தான்.

களவா மீனைப் பாருங்கள். அது பாறை இடுக்கில் வாழும். களவா இனங்களில் பல, முதலில் பெண்ணாக இருக்கும். பல ஆண்டு வளர்ந்து பெரிதான பிறகு ஆணாக மாறும். பெரிய மீன்களையே குத்தினால் என்ன ஆகும்? ஆண் மீன் குறையும். ஆண் மீன் இல்லாமல் குஞ்சு ஏது?

பிரான்சு நாட்டின் மத்தியதரைக் கடலோரத்தில் களவா மிகவும் குறைந்தது. 1993-இல் அங்கே களவாவை ஈட்டியால் குத்தத் தடை வந்தது. பிறகு களவா மெல்லப் பெருகியது. அந்த நாட்டில் வேறு விதிகளும் உண்டு:

* 16 வயது ஆகாதவர் ஈட்டியால் மீன் பிடிக்கக் கூடாது.
* முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு பிடிக்கக் கூடாது. மூச்சை அடக்கித்தான் மூழ்க வேண்டும்.
* இரவில் பிடிக்கக் கூடாது.
* விளையாட்டாகப் பிடித்த மீனை விற்கக் கூடாது.

நம் நாட்டில் என்ன சட்டம்?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. இது கடலுக்கும் பொருந்தும். அந்தமானில் வண்டூர் அருகே மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா உள்ளது. அது 1983-இல் அமைந்தது. இத்தகைய பூங்காவுக்குள் மீனைக் குத்துவது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ராட்சதக் களவாவையும் 2001-இல் அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சட்டம் மீனவரை மறக்கவில்லை. கடலில் சரணாலயத்துக்கு எல்லை வகுக்கும்போது, உள்ளூர் மீனவரின் தொழிலைக் காக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

படகு ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலா வந்தவர், "ஒரு மீன்தானே, படகை விடுங்கள்" என்று கூடுதல் பணம் தரலாம். அவர் நாளை ஊருக்குப் போய்விடுவார். குற்றத்துக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. படகு போனால் பிழைப்பும் போகும்.

எனவே, புறப்படும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். எந்த இடம் பூங்கா, எந்த மீனுக்குத் தடை என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே!