ஸ்பாம் பெட்டியும் மெஹ்ரான் சஹாமியின் கணக்கும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் மாணவி ஒருத்திக்குப் புலமைப்பரிசில் நேர்முகத் தேர்வு அழைப்பொன்று மின்னஞ்சலில் வந்திருக்கிறது. திகதி கடந்து நான்கு நாட்களுக்குப் பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. கிடந்த இடம் ஸ்பாம் பெட்டி. "எனக்கு மெயிலே வரல்ல சேர், வந்திருந்தா பாக்காம இருப்பேனா?" என்று அழுதாள். கடிதம் வந்துதான் இருந்தது. அதைக் குப்பை என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது.

ஓர் இயந்திரம் கடிதத்தைப் பார்த்து இப்படித் தீர்ப்புச் சொல்ல எங்கே கற்றது? தேடிப் போனால் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் போய் நிற்கிறோம். எழுதியவர்கள் நால்வர். முதற்பெயர் மெஹ்ரான் சஹாமி; அப்போது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். மற்ற மூவரும் (சூசன் டுமே, டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹோர்விட்ஸ்) மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

அதுவரை பெரும்பாலும் கையால் எழுதிய விதிகளே காவல் நின்றன. இன்ன சொல் இருந்தால் எறி, அவ்வளவுதான். அனுப்புகிறவன் ஓர் எழுத்தை மாற்றிப்போட்டால் விதி படுத்துவிடும். சஹாமி குழுவினர் விதி எழுதவில்லை. குப்பை இது, நல்லது இது என்று பிரித்துவைத்த கடிதங்களை இயந்திரத்திடம் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். ஏராளமான சொற்களில் எவை உண்மையில் வேறுபாடு காட்டுகின்றன என்று தெரிந்தெடுப்பது சஹாமிக்குப் பழகிய வேலை. 1996இலேயே டாப்னி கொல்லருடன் சேர்ந்து அதைப் பற்றி எழுதியிருந்தார். இங்கே 500 அடையாளங்களைத் தெரிந்தெடுத்தார்கள். சொற்கள் மட்டுமல்ல, வரிசையாக நிற்கும் ஆச்சரியக்குறிகள், கடிதம் இரவில் வந்ததா, அனுப்பியவர் முகவரி கல்வி நிறுவனத்துடையதா என்பவையும் கணக்கில் சேர்ந்தன.

கணக்கின் அடிப்படை தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாருடையது. அவர் இறந்தபின் 1763இல் அச்சானது. நானே ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கிறேன். குப்பைக் கடிதம் ஆயிரம், நல்ல கடிதம் ஆயிரம் என்று வைப்போம். 'இலவசம்' குப்பையில் 200 கடிதங்களிலும் நல்லதில் 5 கடிதங்களிலும் இருக்கிறது: 40க்கு 1. 'பரிசு' 100இலும் 20இலும்: 5க்கு 1. இரண்டும் ஒரே கடிதத்தில் வந்தால் பெருக்க வேண்டும்: 200க்கு 1. அதே கடிதத்தில் 'பாடசாலை'யும் இருந்து, அது குப்பையில் 10, நல்லதில் 200 என்றால், 200ஐ இருபதால் வகுத்து 10க்கு 1 ஆகிவிடும். சொற்களெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று எடுத்துக்கொண்டுதான் இப்படிப் பெருக்குகிறோம். தமிழ் படித்தவனுக்கு இது சிரிப்பு மூட்டும். ஆனாலும் கணக்கு வேலை செய்கிறது!

10க்கு 1 என்றால் குப்பையாக இருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. எறிந்துவிடலாமா? கூடாது என்றார்கள். அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் இதுதான். ஒரு குப்பைக் கடிதம் உள்ளே வந்தால் அழிக்க ஒரு நொடி. நல்ல கடிதம் ஒன்று தொலைந்தால் போனது போனதுதான். இரண்டு பிழையும் ஒரே எடையல்ல. அதனால் 99.9 சதவீதம் உறுதியானால் மட்டுமே எறி என்று எல்லை வைத்தார்கள். அதாவது, நல்லதைத் தொலைப்பது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிய பிழை. மேலே சொன்ன 200க்கு 1 கூட (99.5 சதவீதம்) அந்த எல்லையைத் தாண்டாது.

இன்றைய வடிகட்டிகள் இதைவிடப் பல மடங்கு சிக்கலானவை. அடிப்படைப் பலவீனம் மட்டும் மாறவில்லை: எதைக் காட்டிப் பழக்கினோமோ அதைத்தான் இயந்திரம் அறியும். சொல்லை எண்ணும் இயந்திரத்துக்கு இலவசம், இலவசமாக, இலவசத்தை என்பன மூன்று வேறு சொற்கள்; வேற்றுமை உருபு அதற்குத் தெரியாது. தமிழ்க் கடிதங்களைக் குறைவாகவே பார்த்த இயந்திரம் தடுமாறத்தான் செய்யும். என் மாணவிக்கு வந்த கடிதத்தில் பணத்தொகை, கடைசித் திகதி, 'இங்கே அழுத்துக' எல்லாமே இருந்தன. மோசடிக் கடிதத்துக்கும் இதே முகம்தானே.

சஹாமி பிறகு கூகுள் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தார். ஓரிரு சொல்லே உள்ள துண்டு வாசகங்கள் பொருளில் ஒன்றா என்று கண்டறியும் வழியை 2006இல் டிமோதி ஹெய்ல்மனுடன் வெளியிட்டார். பின்னர் முழுநேர ஆசிரியராக ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பிவிட்டார். 2020 கொரோனா முடக்கத்தில் கிறிஸ் பீச்சுடன் சேர்ந்து சுமார் 10,000 பேருக்கு இணையத்தில் இலவசமாக நிரலாக்கம் கற்பித்தார். 2021இல், தொழில்நுட்ப நிறுவனங்கள் எங்கே தவறின என்று கேட்கும் நூலொன்றை வேறு இருவருடன் எழுதினார். ஒருவர் தத்துவம் படித்தவர், மற்றவர் அரசியல் விஞ்ஞானி. எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை என்ற 1998ஆம் ஆண்டுக் கேள்விதான் அங்கும் பெரிதாகி நிற்கிறது என்பது என் எண்ணம்.

மாணவியின் மெயிலை என் முன்னால்தான் திரும்பத் திறந்தாள். 'இது ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானைக் காட்டினேன். அழுத்தினால் இயந்திரத்தின் கணக்கில் நல்ல கடிதம் ஒன்று கூடும் என்றேன்.

"இப்ப அழுத்தி என்ன சேர்?" என்றாள். ஆனாலும் அழுத்தினாள்.