மடியில் வைத்துச் சறுக்காதீர்கள்!

மும்பையில் ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை பூங்காக்களில் சேறுதான். அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகள் ஓடியாட, உள்ளரங்கு விளையாட்டுக் கூடங்களை விட்டால் வேறு கதியில்லை. போன மழைக்காலத்தில் என் 2 வயதுப் பேரனை அப்படி ஓரிடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றி, வழுக்காத காலுறை மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

உயரமான சறுக்குமரத்தில் ஏறியதும் அவன் தயங்கினான். "தாத்தா மடியில உக்காரு கண்ணா" என்று அவனை அணைத்தபடி சறுக்கினேன். பாதி வழியில் அவன் பாதம் பக்கத் தடுப்பில் மாட்டித் திரும்பியது. வீறிட்டு அழுதான். எக்ஸ்ரே எடுத்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். 3 வாரம் மாவுக்கட்டு.

டாக்டர் சொன்ன விளக்கம் இதுதான்: குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் மாட்டினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தாலோ நம் எடை முழுவதும் வேகத்தோடு சேர்ந்து அந்தப் பிஞ்சுக் காலை முறுக்கிவிடும். அணைத்துக்கொள்வதே ஆபத்தாகிறது!

டிராம்போலினிலும் அப்படியே. ஒரு சமயத்தில் ஒருவர்தான் குதிக்க வேண்டும். பெரியவர் சேர்ந்து குதித்தால் அடிபடுவது சின்னஞ்சிறுசுதான்.

ஆகவே, வயதுக்கேற்ற தாழ்வான சறுக்குமரத்தில் தனியாக விடுங்கள், பயந்தால் வற்புறுத்தாதீர்கள். இப்போது பேரன் தனியாகத்தான் சறுக்குகிறான். நான் கீழே கை நீட்டி நிற்கிறேன்.