வழிபாட்டு வெள்ளி நாணயங்களில் கறை படிதலும் தடுப்பு முறைகளும்: திருத்தணிப் பகுதி வழக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பூசையறையில் பேணப்படும் பழைய வெள்ளி ரூபாய்கள் வழிபாட்டுப் பொருளாகவும் வரலாற்றுச் சான்றாகவும் விளங்குகின்றன. அவற்றில் கறை தோன்றும் காரணங்களையும், கறையை நீக்கும் மரபுவழக்கத்தால் நேரும் இழப்பையும், கறை படியாமல் காக்கும் எளிய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

முதன்மைச்சொற்கள்: வெள்ளி ரூபாய், கறை, வரலட்சுமி நோன்பு, திருநீறு, நாணயவியல், திருத்தணி.

1. முன்னுரை

முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்று 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் வரலட்சுமி நோன்பு இருமொழியார்க்கும் பொதுவானது. நோன்புக் கலசத்தில் வெள்ளிக் காசு இடுவது மரபு. இதற்கெனவே விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்களைத் தலைமுறைகளாகக் காத்து வரும் குடும்பங்கள் உண்டு. நோன்பு முடிந்தபின் அவை கருத்தோ புள்ளி விழுந்தோ காணப்படுவது இயல்பு.

2. நாணயத்தின் உலோக இயல்பு

1835 முதல் ஒருசீராக அச்சிடப்பட்ட கும்பினி ரூபாயும், அதன்பின் வந்த அரச ரூபாய்களும் ஏறத்தாழ 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு வெள்ளியும் கொண்டவை, எஞ்சியது செம்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல், வெள்ளியின் அளவு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது. செம்பு மிகுந்த போர்க்கால ரூபாய்களில் பச்சைக் களிம்பு எளிதில் தோன்றும். முந்தையவற்றில் கருமையே மிகுதி.

3. கறை தோன்றும் காரணங்கள்

வெள்ளி துருப்பிடிப்பதில்லை, கந்தகத்தோடு சேர்ந்தே கருக்கிறது. காற்றிலுள்ள ஐதரசன் சல்பைடு வெள்ளியின் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடாகப் படிகிறது. அப்படலம் மெல்லியதாக இருக்கையில் மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பு, நீலம், கருமை எனவும் தோற்றமளிக்கும். காற்றின் ஈரம் இவ்வினையை விரைவுபடுத்தும்.

பரவலாகப் படியும் இந்நிறமாற்றம் வேறு, புள்ளிக்கறை வேறு. ஒரு துளி நீர், வியர்வை, எச்சில் ஆகியவை உலர்ந்த இடத்தில் உப்பு தங்கிவிடுவதால் வினை அவ்விடத்திலேயே குவிகிறது. கலசநீரில் நனைந்து, மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய காசினைத் துணியால் மேலோட்டமாகத் துடைத்துப் பெட்டியில் இடும்போது புள்ளிக்கறைக்கு வித்திடுகிறோம்.

சேமிக்கும் உறையும் காரணமாகலாம். ரப்பர் வளையம், கம்பளித்துணி ஆகியவை கந்தகம் வெளியிடுவன. பி.வி.சி. நெகிழி உறைகள் காலப்போக்கில் சிதைந்து, பிசுபிசுப்பான பச்சைப் படிவை உண்டாக்கும்.

4. திருநீற்றால் தேய்த்தல்

வெள்ளிப் பாத்திரங்களைத் திருநீற்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். சாணச் சாம்பலில் உள்ள சிலிக்காத் துகள்கள் வெள்ளியைவிடக் கடினமானவை. ஆகவே அவை கறையை மட்டுமன்றி வெள்ளியையும் சேர்த்தே அரிக்கின்றன. குத்துவிளக்குக்கு இதனால் பெரிதாகக் கேடில்லை. நாணயத்தின் நிலை வேறு.

சான்றாக, விக்டோரியா ரூபாய்கள் 1862க்குப் பின்னரும் 1874 வரை 1862 என்னும் அதே ஆண்டெண்ணுடன் அச்சாயின. அவற்றுட் பலவற்றின் உண்மை ஆண்டை, பின்புறத்திலுள்ள சிறுபுள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே நாணயவியலார் கணிக்கின்றனர். ஆண்டுதோறும் தேய்க்கப்படும் காசில் முதலில் மங்குவன இத்தகைய நுண்குறிகளே. அவை மறைந்தால் அந்நாணயம் தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலை இழக்கிறது.

5. தடுப்பு முறைகள்

அ. நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடித்தல் வேண்டும்.

ஆ. நனைந்த நாணயத்தை உடனே வாலைவடிநீரில் அலசி, மென்பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி, முற்றிலும் உலரவிட வேண்டும்.

இ. பாலியெஸ்டர் உறையிலோ காற்றுப்புகா ஒளிபுகு பேழையிலோ தனித்தனியே வைத்தல் நன்று. உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதனை மாற்ற வேண்டும்.

ஈ. பி.வி.சி. படிவினைத் தூய அசிட்டோனில் அமிழ்த்தி நீக்கலாம். அது எளிதில் தீப்பற்றுமாதலால் விளக்கின் அருகில் கையாளுதல் கூடாது.

உ. பரவலாக, சீராகப் படிந்த நிறமாற்றத்தை அவ்வாறே விட்டுவிடுதல் சிறந்தது.

ஊ. மண்ணில் கிடைத்த நாணயங்களைத் தூய்மை செய்யாமல் அரசு அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இத்தகையவற்றைக் கையாளும் பயிற்சி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் நிறுவப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் போன்ற அமைப்புகளுக்கே உண்டு.

6. முடிவுரை

கறையை நீக்குதலினும் கறை வாராமல் காத்தலே நாணயத்திற்கு உகந்தது. இதற்காக வழிபாட்டைக் கைவிட வேண்டுவதில்லை. கலசநீரில் புதிய வெள்ளிக் காசினை இட்டு, பழைய ரூபாயைப் பேழையோடு அருகில் வைத்து வழிபடலாம். மரபும் குறைவுபடாது, பாட்டியின் காசு தன் ஆண்டையும் இழக்காது.