கடை முதலில் கை வைக்குமுன்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் போதும், சாம்பல்தீவு முதல் நிலாவெளி வரை ஒரே பேச்சுத்தான்: "பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள்?"

இதில் பிழையில்லை. தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகள் வெளியே பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் வியாபாரிகளாகிய நாம் இதையும் ஒரு கொள்முதல் போலக் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலாவது, விலை ஏறிவிட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. பழைய விலைக்கு அது திரும்பவே இல்லை. கனடா 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. காட்ட வேண்டிய கையிருப்பை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் கூட்டியது. கல்விக் கட்டணம் இதற்குப் புறம்பு. அவுஸ்திரேலிய மாணவர் வீசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆனது. வீசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பி வராது.

இரண்டாவது, கையிருப்பு. எனக்குத் தெரிந்த ஒரு கருவாட்டு வியாபாரி, சரக்கெடுக்க வைத்திருந்த முதலை மகனுக்காக வங்கியில் போட்டுக் காட்டினார். வீசா கிடைக்கவில்லை. அதற்குள் பருவமும் போனது, வாடிக்கைக் கடைகளும் வேறு ஆளிடம் போய்விட்டன. சிலர் நகையை வட்டிக்கு வைக்கிறார்கள். அதில் பரக்கத் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, முகவர்கள். பலருக்கு மாணவரைச் சேர்த்த பின் பல்கலைக்கழகமே தரகு கொடுக்கிறது. ஆகவே அவர் சொல்லும் கல்லூரி பிள்ளைக்கு நல்லதா, அவருக்கு நல்லதா என்று விசாரியுங்கள். பொய்யான வங்கிக் கடிதத்துக்குச் சம்மதிக்கவே வேண்டாம். மார்க்கத்திலும் அது ஹராம். பிடிபட்டால் அவுஸ்திரேலியா மூன்று ஆண்டும், கனடா ஐந்து ஆண்டும், பிரித்தானியா பத்து ஆண்டும் வரை கதவை மூடிவிடலாம்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நம் வாசலிலேயே இருக்கிறது. பின்தங்கிய மாவட்டம் என்பதால் நமக்கு விசேட ஒதுக்கீடும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

அனுப்புவதென்றே முடிவானால், ஒரு வருடச் சரக்கு முதலைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அனுப்புங்கள். சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கினாலும், சூறா அல்பகறா கட்டளையிட்டபடி எழுதிச் சாட்சி வையுங்கள். பிள்ளை படித்து வரும்வரை வீட்டைக் காப்பாற்றப் போவது அந்தக் கடைதான்.